நிரந்தரம் யாருக்கு?

(படப்பையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். நான் ஒரு அரசாங்க அறிவிப்பை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பத்து வருசத்துக்கு மேலாக வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து படிவம் படிக்கிறவன் நான். நம்ம ஜனங்களின் தலையெழுத்து கவிதையில் இருப்பதைவிடப் படிவத்தில்தான் அதிகம் இருக்கிறது.

முதலில் என் சொந்தக் கதை. இந்தப் பக்கத்துக் கிளைக்கு மாற்றலாகி வந்தபோது வீடு தேடி அலைந்தேன். மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு, கீழ்ப்போர்ஷன் காலி. வீட்டுக்காரம்மா நல்லாத்தான் பேசினார். 'பேங்க்ல வேலையா சார், ரொம்ப நல்லதாப் போச்சு' என்றார். அட்வான்ஸ், வாடகை, தண்ணி மோட்டாரு எல்லாம் பேசி முடிச்சாச்சு. கிளம்பும்போது, 'சொந்த ஊரு எது சார்? ஊர்ல எந்தப் பக்கம்?' என்று கேட்டார். சொன்னேன். 'அவரு வரட்டும் சார், கேட்டுட்டு போன் பண்றேன்.' அந்தப் போன் இன்னும் வரவில்லை.

மாடியில் குடியிருந்தவர் ஒரு வெளிநாட்டு இன்ஜினியர். ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. அவர் என்ன கறி தின்கிறார், எந்தத் தெருவில் பிறந்தார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. படிக்கட்டில் என்னைப் பார்த்துத் தலைகுனிந்து வணக்கம் சொன்ன மனுசர் அந்த வீட்டில் அவர் ஒருத்தர்தான்.

அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைந்த அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, இந்நாட்டுக் குடிமக்கள் நாட்டின் எந்தப் பகுதியிலும் வசிக்கலாம், குடியேறலாம் என்கிறது. அதற்குக் காசு கேட்கவில்லை. அந்தப் பிரிவுக்குப் படப்பையில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது, காசு கொடுத்துப் பெறும் வசிப்புரிமை ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். 2016 ஆகஸ்ட் 31 அன்று மத்திய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 'நிரந்தர வசிப்புத் தகுதி' என்று பெயர். வெளிநாட்டு முதலீட்டாளர் 18 மாதத்துக்குள் 10 கோடி ரூபாய் கொண்டுவர வேண்டும், அல்லது 36 மாதத்துக்குள் 25 கோடி. அந்த முதலீட்டால் ஒவ்வொரு நிதியாண்டும் இந்தியாவில் வசிக்கும் இந்தியர் 20 பேருக்காவது வேலை கிடைக்க வேண்டும். கிடைத்தால் அவருக்குப் பத்து ஆண்டு உரிமை. எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம், போகலாம். மேலே குற்றம் குறை இல்லையென்றால் இன்னொரு பத்து ஆண்டு. வெளிநாட்டார் பதிவு அலுவலகத்தில் போய் நிற்க வேண்டியதில்லை. குடியிருக்க ஒரு வீடு வாங்கிக்கொள்ளலாம். மனைவி பிள்ளைகள் தனியார் துறையில் வேலை பார்க்கலாம், இங்கே படிக்கலாம்.

நம்ம கம்பெனிகளில் நாம் பார்க்கிற கொரியாக்காரர், ஜப்பான்காரர் எல்லாம் பெரும்பாலும் இந்த வகை இல்லை. அவர்கள் வேலை விசாவில் வந்த சம்பளக்காரர்கள். இந்தத் திட்டம் முதலாளிக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு அந்நியர் மேல் பாய்வது நம் வேலை இல்லை.

கும்மிடிப்பூண்டி முகாமை நினைத்துப் பாருங்கள். 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து உயிர் தப்பி வந்தவர்களும் அவர்களுக்கு இங்கேயே பிறந்த பிள்ளைகளும் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். மலையகத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் முன்னோரின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. முகாமில் ஆள் கணக்கெடுப்பு நாளன்று வரிசையில் நிற்க வேண்டும். 10 கோடி கொண்டுவந்தவருக்குப் பதிவிலிருந்தே விலக்கு. அரசாங்கத்துக்கு யார் விருந்தாளி, யார் சுமை என்பது இதில் தெரிகிறது.

நான் சொல்ல வந்த விஷயம் இதற்கு மேலே இருக்கிறது. அந்த அறிவிப்பை நான் வங்கிக்காரன் கண்ணோடு படித்தேன். 'நிரந்தரம்' என்ற சொல் முதலீட்டாளர் பக்கத்தில் இருக்கிறது. அந்த 20 பேர் பக்கத்தில் இல்லை. ஒவ்வொரு நிதியாண்டும் 20 பேர் என்றால், போன வருசத்து 20 பேரேதான் இந்த வருசமும் இருக்க வேண்டுமா? சொல்லவில்லை. கம்பெனியின் சொந்தச் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டுமா, கான்ட்ராக்டர் பட்டியலில் இருந்தாலும் போதுமா? சொல்லவில்லை. அந்த 20 பேரின் முதுகில் ஏறி ஒருவர் பத்து ஆண்டு உரிமை வாங்குகிறார். முதுகுகளை வருசா வருசம் மாற்றிக்கொள்ளலாம்.

இது எப்படி நடக்கும் என்பதை என் கவுண்டரிலேயே பார்த்திருக்கிறேன். காலனியிலிருந்து ஒரு பெண், பன்னிரண்டாவது முடித்தது, கம்பெனி பஸ்ஸில் விடியற்காலையில் போகிற பிள்ளை. சம்பளக் கணக்கு திறக்க வந்தது. கொஞ்ச மாசம் சம்பளம் ஏறியது, நின்றுபோனது. பிறகு வேறொரு கான்ட்ராக்டர் கடிதத்தோடு வந்தது. அதுவும் நின்றது. மூன்றாவது கடிதத்தோடு வந்தபோது, 'எந்தக் கம்பெனிம்மா இப்போ?' என்றேன். 'அதே கம்பெனி, அதே லைன்தாண்ணே. பேருதான் வேற' என்றது. வேலை உருவாக்கிய கணக்கில் அந்தப் பிள்ளை எத்தனை பேர், யோசித்துப் பாருங்கள். மூன்று கடிதத்திலும் 'நிரந்தரம்' என்ற சொல் இல்லை. 'பயிற்சி' என்று இருந்தது. அதே லைனில் மூன்றாவது தடவையாகவும் பயிற்சி!

பெரிய கம்பெனி வந்தால் இப்படி ஆகாது என்பார்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவை மறந்துவிட்டோமா? 2006-இல் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள், அதில் பெரும்பகுதி இளம்பெண்கள். வரித் தகராறு வந்தது, செல்போன் சந்தை மாறியது, 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. நிலம், மின்சாரம், வரி என்று நாம் கொடுத்த சலுகை எல்லாம் எட்டு வருசத்துக் கதையாகப் போனது. விருப்ப ஓய்வு என்று ஒரு தொகையைக் கையில் கொடுத்து இருபத்தைந்து வயதுப் பெண்களை ஓய்வு பெற்றவர்களாக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இந்த மாதிரி விசாவுக்கு அமெரிக்காவில் வயது முப்பதுக்கு மேல். 1990-இல் கொண்டுவந்தார்கள், ஈ.பி.-5 என்று பெயர். அங்கே 10 பேருக்கு வேலை. ஆனால் முழுநேர வேலை என்றால் வாரம் குறைந்தது 35 மணி நேரம் என்று சட்டமே விளக்குகிறது. முதலீட்டாளரின் குடும்பம் கணக்கில் சேராது. முதலில் இரண்டு வருசத்துக்கு நிபந்தனையோடுதான் உரிமை. நிபந்தனையை நீக்க, வேலை கொடுத்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். வேலையில்லாத் திண்டாட்டம் தேசியச் சராசரியைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும் பகுதியில் போட்டால் தொகையில் சலுகை உண்டு.

நல்ல சட்டம்தானே என்று தோன்றும். நியூயார்க்கில் ஹட்சன் யார்ட்ஸ் என்று பணக்காரர்களுக்கான கண்ணாடிக் கோபுரங்கள். அதற்கு இந்த விசா வழியாக நூறு கோடி டாலருக்கு மேல் பணம் வந்தது. மன்ஹாட்டன் நடுவில் எங்கே வேலையில்லாத் திண்டாட்டம்? வரைபடத்தில் பாம்பு மாதிரி ஒரு கோடு இழுத்து, வடக்கே கறுப்பின ஏழைகள் வாழும் ஹார்லெம் பகுதியைச் சேர்த்துக் கணக்குக் காட்டினார்கள். வறுமை ஹார்லெமுடையது, கோபுரம் வேறு யாருடையதோ. பிறகு விதியைத் திருத்தி, பகுதி குறிக்கும் அதிகாரத்தை மாநிலங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். சேரியின் பெயரில் வரும் நிதி எங்கெங்கோ போவதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் 'உள்ளூர்க்காரனுக்கு வேலை' என்ற முழக்கத்திலும் எனக்குச் சந்தேகம். அரியானாவில் தனியார் வேலையில் 75 சதவீதம் உள்ளூராருக்கு என்று 2020-இல் சட்டம் போட்டார்கள். 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தச் சட்டம் எந்த மாநிலம் என்று மட்டும்தான் கேட்டது. உள்ளூர் என்றால் ஊருக்கு உள்ளே. நாம் எப்போது தோழர்களே ஊருக்கு உள்ளே இருந்தோம்? ஒரகடத்தில் தகரக் கொட்டகையில் பத்துப் பேராகப் படுத்துக் கிடக்கும் ஒடிசாத் தம்பியும் பீகார்த் தம்பியும் நம் எதிரிகள் இல்லை. அவர்களில் பாதிப் பேரின் சாதியை விசாரித்தால் நம் பங்காளிகளாக இருப்பார்கள்.

நிலத்துக்கு வருகிறேன். இந்தச் செங்கல்பட்டுச் சீமையில் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891-இல் நம் மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். 1892-இல் நமக்கென்று நிலம் ஒதுக்கினார்கள். பஞ்சமி நிலம். பத்து ஆண்டுக்கு விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது. அதற்குப் பிறகும் நம் மக்களுக்குத்தான் கைமாற வேண்டும். அதுவும் ஒரு நிரந்தர வசிப்புத் தகுதிதான், நூறு வருசத்துக்கு முன்பே கொடுத்தது. என்ன ஆனது? 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்காகச் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் இறந்தார்கள். பத்து கோடி கொண்டுவந்தவர் ஒரு வீடு வாங்கலாம் என்கிறது அறிவிப்பு. கொடுத்த நிலத்தைத் திருப்பிக் கேட்டால் குண்டு.

முதலீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்குக் கம்பெனி பஸ் வேண்டும். ஆண்டை நிலத்தில் நாற்று நடுவதற்கு அந்த லைனே மேல் என்று அதுவே என்னிடம் சொல்லியிருக்கிறது. நான் கேட்பது கணக்கு.

ஒன்று: நம் பெயரைக் காட்டி ஒருவர் பத்து ஆண்டு உரிமை வாங்கினால், அந்த 20 வேலையும் கம்பெனியின் நேரடி, நிரந்தர வேலையாக இருக்க வேண்டும். அதே 20 பேர் இருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் அடுத்த பத்து ஆண்டு. இரண்டு: தனியார் துறையில் இடஒதுக்கீடு வரும்வரை, அரசின் சலுகை பெறும் ஒவ்வொரு கம்பெனியும் எந்தப் பதவியில் தலித்துகள், பழங்குடியினர் எத்தனை பேர் என்று வருசா வருசம் வெளியிட வேண்டும். துப்புரவுப் பிரிவைத் தனியாகக் காட்ட வேண்டும், மொத்தத்தில் சேர்த்து ஏமாற்றக் கூடாது. மூன்று: தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதற்கு முன் பழைய பதிவேட்டைத் திறந்து பஞ்சமி நிலம் எது என்று ஊரறியச் சொல்ல வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் காலனியில் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்டு நோட்டில் எழுதுங்கள். கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது? எத்தனை மாதம்? இதற்கு முன் எத்தனை கடிதம்? முப்பது வீடு எழுதினால் போதும். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டுகளோடு வாருங்கள், நானும் வருகிறேன். கவிதையை அப்போது வாசித்துக்கொள்ளலாம்.