சென்னையின் முதல் மேயர்

பனமலைக் குன்றேறித் தாளகிரீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே செஞ்சிக் கோட்டையையும் பார்த்துத் திரும்புகிறவர்கள் தேசிங்கு ராஜன் கதையைத்தான் பேசுவார்கள். சென்னையின் முதல் மேயர் காலத்துக் கதையும் அந்தக் கோட்டையில் இருக்கிறது.

அவர் நத்தானியல் ஹிக்கின்சன். 1652இல் அமெரிக்காவில் பிறந்து, ஹார்வர்டில் படித்து, கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குச் சென்னை வந்தவர். 1688 செப்டம்பர் 29இல் சென்னை மாநகராட்சி தொடங்கியது. ஒரு மேயர், 12 ஆல்டர்மென், 60 உறுப்பினர்கள். மேயர் நாற்காலி இவருக்கு. ஆறே மாதத்தில் விலகிவிட்டார்!

நாற்காலி போனால் ஆளையே மறந்துவிடுவார்கள் என்போம். இவரோ 1692இல் கவர்னராகவே வந்து உட்கார்ந்தார்.

அப்போது செஞ்சிக்குள் மராட்டிய மன்னர் ராஜாராம். வெளியே முகலாயப் படை. கடலூர்க் கோட்டையை 1690இல் கம்பெனிக்கு விற்றவர்கள் மராட்டியர். வியாபாரத்துக்கோ முகலாயர் தயவும் வேண்டும். இந்தச் சிக்கலுக்கு நடுவில்தான் 1693இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை கம்பெனி கைக்கு வந்தன. 1698 தொடக்கத்தில் செஞ்சி வீழ்ந்தது. அதே ஆண்டு ஹிக்கின்சனும் பதவியிலிருந்து இறங்கினார்.

அடுத்த முறை திண்டிவனத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்கும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்லுங்கள். பெட்டியை மட்டும் மறந்துவிடாதீர்கள்!