முதலில் கொக்கி, பிறகு கதவு

(பெங்களூரில் கட்டட வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளர்களின் மாலை வகுப்பில் தொண்டர் ஒருவர் பேசியது)



நேற்று நாம் ‘கதவு’ என்று எழுதிப் பழகினோம். இன்று அந்தக் கதவைப் பற்றியே பேசப் போகிறேன்.

சாரத்தில் ஏறும்போது நமக்குப் பயம் இருக்கிறது. காலைப் பார்த்துப் பார்த்து வைக்கிறோம். வீட்டுக்குள் வந்ததும் பயம் போய்விடுகிறது. காலுக்குக் கீழே தளம் இருக்கிறதே! ஆனால் பால்கனி நிலைக்கு அந்தப் பக்கம் கைப்பிடிக் கம்பி வைத்தாயிற்றா? பல இடங்களில் வைத்திருக்க மாட்டார்கள். அங்கேதான் ஆபத்து.

என் மாமா கதவு மாட்டுகிற வேலை செய்தவர். இருபது வருடப் பழக்கம். ஒருநாள் மூன்றாவது மாடியில் பால்கனிக் கதவு மாட்டினார். பால்கனி ஓரத்தில் தடுப்பாக மூங்கில் கட்டியிருந்தது. கதவைக் கயிறு கட்டி மேலே இழுப்பதற்காக அந்த மூங்கிலை அவிழ்த்தார்கள். கதவு வந்தது. மூங்கிலைத் திரும்பக் கட்டவில்லை. “சாயங்காலத்துக்குள் முடிக்கணும்” என்று மேஸ்திரி அவசரப்படுத்தினார்.

மாமா கதவை மாட்டினார். நேராக நிற்கிறதா என்று பார்க்க இரண்டு அடி பின்னால் வைத்தார். மூன்றாவது அடி வைக்க இடம் இல்லை. விழுந்துவிட்டார்.

அவர் இடுப்பில் பெல்ட் இருந்தது. கொக்கியை எதிலும் மாட்டவில்லை.

உயிர் பிழைத்தார். இன்றும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். இப்போது அத்தைதான் செங்கல் சுமக்கிறார்.

இது தலைவிதியா? இல்லை. ஒரு மூங்கில், ஒரு கொக்கி. இரண்டில் ஒன்று இருந்திருந்தால் மாமா விழுந்திருக்க மாட்டார். அதனால் சில விஷயங்களை மனதில் வையுங்கள்.

முதலாவது, தடுப்பு. கதவை எடுக்கும் முன் ஓரத்தைப் பாருங்கள். இடுப்பு உயரத்துக்கு உறுதியான தடுப்பு வேண்டும். நடுவில் இன்னொரு கம்பி வேண்டும். சாமான் ஏற்றத் தடுப்பை அவிழ்ப்பதானால், முதலில் கொக்கியை மாட்டுங்கள். சாமான் வந்தவுடனே தடுப்பைக் கட்டுங்கள். அதன் பிறகுதான் வேலை.

இரண்டாவது, பெல்ட். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் போதாது. விழும்போது அதுவே முதுகை ஒடித்துவிடும். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் பெல்ட் வேண்டும். கொக்கியை எதில் மாட்டுவது? புது நிலையில் மாட்டாதீர்கள். நிலை பெயர்ந்து உங்களோடு வரும். தண்ணீர்க் குழாயிலும் மாட்டாதீர்கள். தூணிலோ தளத்திலோ இதற்கென்று பதித்த வளையத்தில் மாட்டுங்கள். அது தோளுக்கு மேலே இருக்கட்டும். கயிறு குட்டையாக இருக்கட்டும். நீளக் கயிறு என்றால் தரையில் மோதிய பிறகுதான் பிடிக்கும். ஒருவர் விழுந்து தாங்கிய பெல்ட்டை மறுபடி போடக் கூடாது.

மூன்றாவது, காற்று. மேல்மாடியில் கதவுப் பலகை படகுப் பாய் மாதிரி காற்றை வாங்கும். பிடித்திருப்பவரையும் இழுக்கும். பலத்த காற்றில் கதவைத் தூக்காதீர்கள். எப்போதும் இரண்டு பேர் பிடியுங்கள். கதவைப் பிடிக்கும் சித்தாள் அக்காவுக்கும் பெல்ட் வேண்டும். ஆசாரிக்கு மட்டும் போதாது.

நான்காவது, நிற்கும் இடம். மேல் கீலை முடுக்க டிரம்மின் மேலும், செங்கல் அடுக்கின் மேலும் ஏறாதீர்கள். ஓரத்தில் ஸ்டூல் போட்டு ஏறினால் இடுப்பு உயரத் தடுப்பு முழங்காலுக்கு வந்துவிடும். நேர் பார்க்கப் பின்னால் நடக்காதீர்கள். தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

ஐந்தாவது, லிப்ட் குழி. லிப்ட் கதவு மாட்டும் வரை அந்த வாசல் திறந்த கிணறுதான். சும்மா சாத்திய பிளைவுட் தடுப்பு ஆகாது. அதில் சாயாதீர்கள். உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். அங்கே வெளிச்சம் வேண்டும்.

“இதெல்லாம் யார் கொடுப்பார்கள்?” என்று கேட்பீர்கள். வேலை கொடுப்பவர்தான் கொடுக்க வேண்டும். நம் கூலியில் பிடிக்கக் கூடாது. கட்டடத் தொழிலாளருக்கென்று 1996ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. நலவாரியமும் உண்டு. 18 வயது முடிந்து 60 வயது ஆகாதவர்கள், கடந்த 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருந்தால் பதிவு செய்யலாம். மாமா பதிவு செய்யவில்லை. படிவத்தைப் படிக்கத் தெரியாது என்று தள்ளிப் போட்டார். நீங்கள் தள்ளிப் போடாதீர்கள். இங்கே சேர்ந்து படிப்போம், சேர்ந்து நிரப்புவோம்.

ஒருவராகக் கேட்டால் “நாளைக்கு வராதே” என்பார்கள். பத்துப் பேராகக் கேளுங்கள்.

யாராவது விழுந்துவிட்டால் கை காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். முதுகெலும்பு முறிந்திருக்கலாம். 108க்குப் போன் செய்யுங்கள்.

ஆபத்தான இடத்தில் பலகை வைப்பார்கள். கன்னடத்திலும் ‘அபாய’ என்றுதான் எழுதுவார்கள். அந்த மூன்று கன்னட எழுத்தையும் இன்று கரும்பலகையில் எழுதுகிறேன். அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது பலகையை எடுங்கள். எல்லோரும் எழுதுங்கள்: “முதலில் கொக்கி, பிறகு கதவு.”