இவ்வண்டின் பெயர் யாது?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. தேயிலை மலையில் கல்லைப் புரட்டும்போதோ கவ்வாத்து மிலாறை அள்ளும்போதோ, கறுத்து மினுங்கும் வண்டு ஒன்று விரைந்து ஓடுகிறது. "இது என்ன?" என்று கேட்கிறோம். பதில் வருமுன் நம் கால் முந்திக்கொள்கிறது. நசுக்கியபின் பெயர் தேடி என்ன பயன்? ஆகவே, முன்பின் அறியாத வண்டை எவ்வாறு இனங் காண்பது என்று சிறிது சிந்திப்போம்.

உயிர்களை வகைப்படுத்துவது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் மரபியலிலே தும்பியை நண்டோடு சேர்த்து நான்கறிவுடைய உயிராக வைத்தார். இன்றைய விஞ்ஞானம் கால், கொம்பு, இறகு ஆகியவற்றை எண்ணிப் பார்த்து வகுக்கிறது.

நாம் சொன்ன வண்டு பெரும்பாலும் தரைவண்டாக இருக்கும். கரபிடே என்னும் அக்குடும்பத்தில் உலகெங்கும் ஏறக்குறைய 40,000 இனங்கள் உண்டு. அதன் அடையாளங்கள் எவை? உணர்கொம்பு நூல்போல் மெல்லியது. 11 கணுக்கள் உடையது. தாடைகள் முன்னோக்கி நீண்டவை. முதுகை மூடும் கெட்டியான இறகுறையில் பெரும்பாலும் நெடுங்கோடுகள் ஓடும். கால்கள் நீண்டவை, ஆறு பாதங்களிலும் ஐந்தைந்து கணுக்கள் இருக்கும்.

இதைப்போல் தோன்றும் கருவண்டு வேறொன்று உண்டு. அது மெல்ல நடக்கும். பின்னங்கால் பாதத்தை எண்ணினால் நான்கு கணுக்களே இருக்கும். சாணவண்டின் கொம்பு நுனியோ விசிறிபோல் விரியும். ஆகவே நிறத்தைப் பார்த்து முடிவு கட்டலாகாது. தென்னிந்தியாவில் கறுப்பு உடலில் ஆறு வெண்புள்ளிகள் கொண்ட பெரிய தரைவண்டு ஒன்று வாழ்கிறது. சீண்டினால் எரிச்சலூட்டும் அமிலத்தைப் பீச்சும். அதே நாட்டில் ஒரு கரப்பான் பூச்சியும் கறுப்பில் வெண்புள்ளி தாங்கி உலாவுகிறது. புள்ளியை மட்டும் நம்பியவன் கரப்பானை வண்டென்பான்!

பெயர் எதற்கு என்று கேட்கலாம். தேயிலைக் கொப்பைத் துளைத்து, உள்ளே பூஞ்சணம் வளர்த்து உண்ணும் வண்டு ஒன்று உண்டு. நீளம் இரண்டரை மில்லிமீற்றர் அளவே. ஆயினும் அது துளைத்த கொப்பு முறிந்துபோகும். தரைவண்டோ இரவில் வெளிவந்து புழுக்களையும் நத்தைகளையும் வேட்டையாடும். அதன் குஞ்சுப்புழுவும் பெரும்பாலும் வேட்டைக்காரனே. இரண்டும் வண்டுதான், ஒன்று நமக்குப் பகை, மற்றொன்று கூலி கேளாத காவற்காரன். வேறுபாடு அறியாமல் கண்டதற்கெல்லாம் மருந்தடித்தால் காவற்காரனும் மாள்கிறான்.

நமது மலைநாட்டிலே கோப்பி பயிரிட்ட நீட்னர் என்பவர் இதை உணர்ந்திருந்தார் போலும். 1850களில் இலங்கை வண்டுகள் பலவற்றை ஆராய்ந்து எழுதிய அவர், 1861இல் கோப்பிச் செடியின் பகைவர்களைப் பற்றி நூல் வெளியிட்டார். பகைவரைப் பற்றி எழுதுமுன் ஊரார் யார் யார் என்று பார்த்தவர் அவர். பின்னர் அன்ட்ரூஸ் என்பார் இந்தியா, இலங்கை, பர்மா நாடுகளின் தரைவண்டுகளைப் பற்றி 1929இலும் 1935இலும் இரு தொகுதிகள் எழுதினார்.

வாலிப நண்பர்களே, நாம் செய்யக்கூடியது யாது? வண்டைக் கண்ட இடம், நாள், நேரம், எதன் கீழ் இருந்தது என்பவற்றைக் குறியுங்கள். பக்கத்தில் அடிமட்டம் வைத்து, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் கைத்தொலைபேசியிற் படமெடுங்கள். வெறுங் கையாற் பிடிக்க வேண்டாம். தரைவண்டுகளுள்ளே பீரங்கிபோற் சத்தமிட்டுக் கொதிநீர் அளவு சூடான திரவத்தைப் பீச்சுவதும் உண்டு. வேறொரு குடும்பத்தில், செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த, இறகுறை குட்டையான சிறு வண்டு ஒன்று உண்டு. அதைத் தோலின்மேல் நசுக்கினால் கொப்புளம் எழும். அது மேலே ஏறினால் ஊதித் தள்ளுங்கள். ஐயம் தீரப் பசறையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளையை நாடலாம்; 1877இல் திறக்கப்பெற்ற கொழும்பு நூதனசாலையும் உண்டு.

இன்னொன்று. குடும்பம் தெரிந்தால் இனமும் தெரிந்ததாகாது. மிக நெருங்கிய இனங்களைப் பிரிக்க உருப்பெருக்கியின் கீழ் உடலைச் சோதிக்க வேண்டும். சிலவேளை படம் போதாது. அப்போது "இது தரைவண்டு, அதற்குமேல் தெரியவில்லை" என்று நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. தெரிந்த எல்லையிலே நிற்பது தலைகுனிவன்று. தெரியாததற்குத் துணிந்து பெயர் சூட்டினால், அடுத்து வருபவனும் அதே வழியில் தவறுவான்.

நமுனுகுலை அடிவாரத்து மண்ணை நாள்தோறும் மிதிப்பவர் நாமே. இம்மண்ணின் சிற்றுயிர்களை முதலிற் காண்பனவும் நம் கண்களே. நாளை மலைக்குப் போகும்போது, காலைத் தூக்குமுன் கண்ணைத் தாழ்த்துவோமாக.