கிழமைப் பேட்டைகளில் ஒரு பகலும் ஓர் இரவும்

புனே நகரில் பல்லாண்டுகள் வாழ்ந்தும் புனேயைப் பாராதவர்கள் நம்மவரிடையே பலர். கேட்பதற்கு விந்தையாக இருப்பினும் உண்மை அதுவே. கட்கியிலும் தேஹு ரோட்டிலும் படைத்தளவாடத் தொழிற்சாலைகளை நம்பி வந்தவர்களின் பேரன்மார், பிம்ப்ரி, சிஞ்ச்வட் ஆலைகளில் பணிபுரிவோர், அண்மைக் காலத்தில் ஹிஞ்சவடியின் கணிப்பொறி நிறுவனங்களுக்கு வந்தோர் ஆகிய பலரும் நகரின் விளிம்பில் குடியிருக்கிறோம். வேலையும் விளிம்பில், வீடும் விளிம்பில், கடை கண்ணியும் அங்கேயே. ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் சனிவார் வாடாவின் வாயிலில் நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு பழைய நகரம் நமக்குத் தீர்ந்துவிடுகிறது. நாங்களும் 11 ஆண்டுகள் அவ்வாறே இருந்தவர்கள்தாம்.

பழைய நகரைப் பார்ப்பதற்கென்றே நாங்கள் முதன்முதலாகப் புறப்பட்ட நாள் பெருமைக்குரியது அன்று. காலை உணவை நிதானமாக முடித்து, நெரிசலில் ஊர்ந்து, பகல் ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். இனிப்புக் கடை மூடியிருந்தது. பாத்திரக் கடை மூடியிருந்தது. மருந்துக் கடையுங்கூட அரைக் கதவோடு இருந்தது. ஒரு வாயிலில் தொங்கிய பலகை, நான்கு மணிக்கு முன் கதவைத் தட்டுவோர் தம் நேரத்தையும் பிறர் உறக்கத்தையும் ஒருங்கே வீணாக்குகிறார்கள் என்னும் பொருள்பட மராத்தியில் அறிவித்தது. எங்கள் எட்டு வயதுப் பெண் அதைப் படித்துப் பொருள் சொல்லிச் சிரித்தாள். எங்களுக்கோ சினம் வந்தது. பிற்பகல் உறக்கமும் குத்தலான அறிவிப்புப் பலகையும் புனேயின் இரு பழஞ்சொத்துகள் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தோம். அந்நகருக்கென ஒரு நேர ஒழுங்கு உண்டு. அதற்கு இணங்கிச் செல்பவர்க்கே அது கதவு திறக்கும். ஆகவே அடுத்த முறை காலை ஏழு மணிக்கே போய் நின்றோம்.

பழைய நகரம் முழுவதும் பேட்டைகளாகப் பிரிந்து கிடக்கிறது. மராத்தியில் ‘பேட்’ என்பது நம் பேட்டைதான். சனிவார், ரவிவார், சோமவார், மங்கள்வார், புத்வார், குருவார், சுக்ரவார் என ஏழு கிழமைக்கும் ஏழு பேட்டைகள். சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. அங்கே ஒரு கிழமைக்குப் பேட்டை அமைந்தது. இங்கே வாரம் முழுவதும் வரிசையாக அமர்ந்துவிட்டது.

இவை எல்லாவற்றினும் மூத்தது கஸ்பா பேட்டை. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பீஜப்பூர்ப் படை இவ்வூரை அழித்து, கழுதை பூட்டிய ஏரால் உழுதது என்றும், பின்னர் ஜீஜாபாய் தம் இளம் மகன் சிவாஜியோடு இங்கு வந்து, பொன் ஏரால் உழுவித்து மீண்டும் ஊராக்கினார் என்றும் மரபுரை உண்டு. பகைவர் ஊரைக் கழுதை ஏரால் உழும் வழக்கம் நம் புறநானூற்றிலும் பேசப்படுவது என்பதை நினைவுகூர்ந்தபோது, தக்காணத்து மண்ணும் நம் மண்ணும் எவ்வளவு பழைய அண்டை வீடுகள் என்று தோன்றிற்று. ஜீஜாபாய் எழுப்பியதாகச் சொல்லப்படும் கஸ்பா கணபதி கோயில் சிறியதுதான். ஆயினும் விநாயகர் விழாவின் இறுதி நாளில் நகரத்துப் பிள்ளையார்கள் அனைவரும் இவர் முன்செல்லப் பின்தொடர்ந்தே ஆற்றுக்குப் போகவேண்டும். அருகிலுள்ள தாம்பட் ஆளி என்னும் கன்னார் தெருவில் செப்புத் தகட்டைச் சுத்தியால் தட்டும் ஓசை இன்றும் கேட்கிறது. கும்பகோணத்துப் பாத்திரத் தெருவில் வளர்ந்த காதுக்கு அது பழகிய தாளம்.

சில நிமிட நடையில் லால் மஹால். சிவாஜியின் தந்தை ஷாஹாஜி எழுப்பிய மாளிகை மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. இப்போது நிற்பது 1980களில் மாநகராட்சி அதன் நினைவாகக் கட்டியது. 1663 ஏப்ரலில், இம்மாளிகையைப் பிடித்துத் தங்கியிருந்த மொகலாயத் தளபதி ஷாயிஸ்தகானைச் சிவாஜி இரவில் புகுந்து தாக்கினார். கான் கைவிரல்களை இழந்து உயிர் தப்பினான். இக்கதையை எங்கள் பெண் பள்ளியில் படித்திருந்தாள். நேரில் பார்த்தவள்போல் எங்களுக்கு எடுத்துரைத்தாள். முடித்தபின், “இவர்கள் கதை எனக்குத் தெரியும். நம் கதை ஏன் இங்கே இல்லை?” என்று கேட்டாள்.

அக்கேள்வி எங்களைச் சற்று நிறுத்தியது. பிறகு நாங்கள் சொன்ன விடை இது. இந்த வீட்டைக் கட்டிய ஷாஹாஜிக்கு ஏகோஜி என்று இன்னொரு மகன். சிவாஜிக்கு மாற்றாந்தாய் மகனான தம்பி. அவன் தந்தையோடு பெங்களூரில் வளர்ந்து, பீஜப்பூர்ப் படையுடன் தெற்கே வந்து, 1676ஆம் ஆண்டளவில் தஞ்சாவூரில் அரசனானான். மறு ஆண்டு சிவாஜி தெற்கே படை நடத்திச் செஞ்சியைக் கொண்டபோது, கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் அண்ணனும் தம்பியும் சந்தித்தனர். பேசியது என்ன? தந்தை சொத்தில் பங்கு! பேச்சு முறிந்து, தம்பி இரவோடிரவாகத் தஞ்சைக்குப் போய்விட்டான். ஏகோஜியின் மரபினர் 1855 வரை அங்கே இருந்தனர். அவர்களில் இரண்டாம் சரபோஜி தம் குலவரலாற்றை 1803இல் பெரிய கோயிற் சுவரில் மராத்தி மொழியிலேயே பொறித்து வைத்தார். “அப்படியானால் தாத்தா ஊர் ராஜாவின் அப்பா வீடா இது?” என்று கேட்டுவிட்டு, எங்கள் பெண் அதன்பின் அம்மாளிகைக்குள் நடந்த நடையே வேறு.

எதிரே சனிவார் வாடா. முதலாம் பாஜிராவ் பேஷ்வா 1730 ஜனவரியில் அடிக்கல் இட்டார். 1732இல் குடி புகுந்தார். இங்கிருந்து ஆட்சி செலுத்திய பேஷ்வாக்களின் படை வடக்கே சிந்து நதி வரை சென்றது. 1817இல் கட்கிப் போருக்குப் பின் ஆங்கிலேயர் கொடி இதன்மேல் ஏறிற்று. 1828இல் பற்றிய தீ மரமாளிகைகளை விழுங்கிவிட்டது. இப்போது காண்பவை மதிலும், யானை முட்டாதிருக்க இரும்பு முட்கள் பதித்த தில்லி வாயிலும், அடித்தளங்களும், ஆயிரம் தாரை நீரூற்றின் எச்சமுமே. இங்கே 1773 ஆகஸ்ட் 30 அன்று, 18 வயதுப் பேஷ்வா நாராயணராவ் காவலராலேயே வெட்டுண்டு இறந்தார். ‘பிடிக்க’ என்றிருந்த ஆணையில் ஓரெழுத்தை மாற்றி ‘கொல்ல’ என்றாக்கினார்கள் என்பது ஊர் வழக்கு. இரவில் அவர் குரல் கேட்பதாகவும் கதை கட்டியிருக்கிறார்கள். வழிகாட்டிகள் அதைத்தான் விரும்பிச் சொல்கிறார்கள். எங்களைக் கேட்டால், அக்கதையினும் பெரிது ராமசாஸ்திரியின் கதை. பட்டத்துக்கு வந்த சிறிய தந்தை ரகுநாதராவே கொலைக்குப் பொறுப்பு என்று கண்டு, அவர் முகத்துக்கு நேரே தீர்ப்புரைத்துவிட்டு, பதவியைத் துறந்து ஊரை விட்டே சென்ற நீதிபதி அவர்.

சோமவார் பேட்டைக்குள் சென்றால் திரிசுண்ட் கணபதி கோயில் என்று ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டுக் கருங்கல் வேலை. காண்டாமிருகத்தைச் சங்கிலியால் கட்டும் வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பிள்ளையாருக்கு மூன்று துதிக்கை, அமர்ந்திருப்பதோ மயில்மேல்! தம்பியின் வாகனத்தை அண்ணன் ஏறிக்கொண்டாரே என்று நாங்கள் திகைத்தோம். இந்நாட்டார் முறை வேறு. இங்கே கார்த்திகேயன் மணமாகாதவன். பர்வதிக் குன்றின்மேல் இருக்கும் அவன் சந்நிதிக்குப் பெண்கள் செல்லாதிருப்பது பழைய வழக்கம். கணபதிக்கோ சித்தி, ரித்தி என இரு தேவியர். வள்ளி மணாளனையும் அரசமரத்தடிப் பிரமசாரியையும் கும்பிட்டு வளர்ந்த நமக்கு, ஒரே குடும்பத்துச் செய்தி வழியில் புரண்டு வந்து சேர்ந்ததுபோல் இருக்கிறது. அருகிலுள்ள ராஸ்தா பேட்டை தென்னாட்டார் பல தலைமுறையாகக் கூடி வாழும் இடம். காப்பிப்பொடியும் வாழையிலையும் அங்கே கிடைக்கும் என்பது இங்குள்ள நம்மவர்க்கு நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இனி உணவு. நம்மவர் வெளியே சென்றாலும் இட்லியைத் தேடிச் செல்கிறார்கள். அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. காலையில் மிசள் உண்ணவேண்டும். முளைகட்டிய நரிப்பயற்றின்மேல் காரக் குழம்பை ஊற்றி, மிக்சர், வெங்காயம், எலுமிச்சை சேர்த்து ரொட்டியுடன் தருவார்கள். புனேக்காரர் அதனடியில் அவலும் வைப்பதுண்டு. பகலில் சாப்பாட்டு விடுதிகளில் சோள பாக்ரியும், கடலைமாவில் கிளறிய பிட்லாவும், சேம்பிலை வடியும் கிடைக்கும். பூரண்போளி நம் போளிதான். இங்கே நெய்யை மேலே ஊற்றி உணவோடு உண்கிறார்கள். சீம்பாலை வேகவைத்த ‘கர்வஸ்’ என்ற இனிப்பைக் கண்டதும் எங்கள் வீட்டு முதியவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரில் மாட்டுக்கொட்டிலோடு போயிற்று என்று எண்ணியிருந்த சுவை அது. உண்டபின் ஒன்று முதல் நான்கு வரை நீங்களும் எங்கேனும் இளைப்பாறிவிடுங்கள். சுக்ரவார் பேட்டையில் ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகம் இருக்கிறது. இறந்த மகனின் பெயரால் தந்தை ஒருவர் வாழ்நாளெல்லாம் திரட்டிய விளக்குகளும் பாக்குவெட்டிகளும் இசைக்கருவிகளும் அங்கே நிரம்பியுள்ளன.

நான்கு மணிக்குமேல் துளசி பாக். பெயர் தோட்டம், உள்ளே இராமர் கோயில், சுற்றிலும் வளையல், மூக்குத்தி, பித்தளைப் பாத்திரம், சிறுமியர்க்குச் சொப்புச் சாமான். அடுத்து ‘மண்டை’. தமிழ்க் காதுக்குச் சிரிப்பு வரும், பொருள் சந்தை. 1886இல் திறந்த எண்கோணக் கோபுரக் கட்டடம். நகராட்சி உறுப்பினராயிருந்த மகாத்மா ஜோதிராவ் பூலே, இவ்வளவு பணத்தைக் கல்விக்குச் செலவிடலாகாதா என்று இதன் கட்டுமானத்தை எதிர்த்தார். பின்னாளில் ஆங்கில ஆளுநர் பெயரை நீக்கி அவர் பெயரையே இதற்கு இட்டார்கள்! அவரும் சாவித்திரிபாயும் 1848இல் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கிய பிடே வாடா, தக்டுசேட் கணபதி கோயிலுக்கு எதிரே இருந்தது. பழுதடைந்த அக்கட்டடம் நினைவகம் எழுப்புவதற்காக 2023இல் இடிக்கப்பட்டது.

வாடாக்கள் யாவும் இவ்வாறே போய்க்கொண்டிருக்கின்றன என்பதால்தான் விரைந்து பார்க்கச் சொல்கிறோம். வாடா என்பது நடுவில் முற்றமும் சுற்றிலும் மரத்தூண் தாழ்வாரமும் உள்ள வீடு. நம் நாட்டுப்புற முற்றத்து வீட்டின் உறவினன். 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து, முத்தா ஆற்றங்கரை வாடாக்கள் பலவற்றைக் கொண்டுபோயிற்று. எஞ்சியவற்றை இப்போது அடுக்குமாடிகள் கொண்டுபோகின்றன. இரண்டாம் பாஜிராவின் விஸ்ராம் பாக் வாடா மட்டும் தன் செதுக்கு வேலைத் தூண்களோடு நிமிர்ந்து நிற்கிறது. அதன் எதிர்நடைபாதையில் நின்று மேல்மாடத்தை அண்ணாந்து பாருங்கள்.

இரவைப் பற்றிச் சொல்லாவிடில் இப்பேச்சு முழுமையுறாது. இரவுக் களிப்பு என்றால் வேறுவகையாக எண்ணுவோர் உண்டு. பேட்டைகளின் இரவு நாடகமும் சங்கீதமும் ஊர்சுற்றலுமே. விநாயகர் விழாவின் பத்து இரவுகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் நள்ளிரவு தாண்டியும் மின்விளக்குக் காட்சிகளைக் கண்டு நடப்பார்கள். பீம்சேன் ஜோஷி தம் குருவின் நினைவாக 1953இல் தொடங்கிய சவாய் கந்தர்வ இசைவிழா முன்னெல்லாம் விடியும்வரை நடந்தது. ஒலிபெருக்கி விதிகள் வந்தபின் அவ்விடியல் இல்லை. பெரியவர்கள் இன்னும் அதைப் பேசி ஏங்குகிறார்கள். 2024இல் மண்டைக்கும் கஸ்பா பேட்டைக்கும் சுரங்க ரயில் வந்துவிட்டதால், விளிம்பில் வாழ்வோருக்கும் இப்போது இரவு எட்டாத பொருளன்று.

நாங்கள் அன்று சதாசிவ பேட்டையின் பரத நாட்டிய மந்திரில் ஒரு மராத்தி நாடகம் பார்த்தோம். 1894இல் தோன்றிய நாடகக் கழகத்தின் அரங்கு அது. கல்லூரி மாணவர்களின் புருஷோத்தம் கரண்டக் ஓரங்க நாடகப் போட்டி 1963 முதல் நடைபெறும் இடம். மொழியில் பாதிதான் விளங்கிற்று. விளங்காத பாதியைப் பெண் காதில் சொன்னாள். இடைவேளையில் உருளைக்கிழங்கு வடை தின்றுகொண்டிருந்தபோது பக்கத்து இருக்கை முதியவர் எங்கள் ஊரைக் கேட்டார். தஞ்சாவூர் என்றோம். அவர் முகம் மலர்ந்தது. மராத்தி நாடக வரலாறு 1843இல் சாங்கிலியில் தொடங்குவதாகப் பொதுவாகச் சொல்வார்கள் என்றும், அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்பே தஞ்சை அரசர் ஷாஹஜி மராத்தியில் பல நாடகங்கள் எழுதியிருக்கிறார் என்றும், அவற்றின் சுவடிகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன என்றும் அவர் எங்களுக்குச் சொன்னார். அவர் எங்களுக்குச் சொன்னார்!

“நீங்கள் பார்த்திருப்பீர்களே, அவை எப்படி இருக்கும்?” என்று கேட்டார்.

நாங்கள் திருவையாற்றில் பிறந்தவர்கள். தஞ்சை அரண்மனை வாயிலைப் பேருந்தில் எத்தனை முறை கடந்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. ஒருமுறையேனும் உள்ளே சென்றதில்லை. அதை அவரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

அவர் சிரிக்கவில்லை. “நானும் சனிவார் வாடாவுக்குள் போய் 40 ஆண்டு இருக்கும். நீங்கள் தை மாதம் ஊருக்குப் போவீர்கள் அல்லவா? இடம் இருந்தால் என்னையும் அழைத்துச் செல்லுங்கள், சேர்ந்தே பார்ப்போம்” என்றார். “ஆஜோபா, எங்கள் தாத்தா வீட்டிலேயே தங்கலாம்” என்று எங்கள் பெண் எங்களைக் கேளாமலே வாக்களித்துவிட்டாள். அதற்குள் மூன்றாம் மணி அடித்துவிட்டது. வடையின் எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு எல்லோரும் உள்ளே விரைந்தோம்.