செவிக்கும் நாவுக்கும் துணை நிற்கும் படிப்பு

மைசூர் மண்டி மொஹல்லாவில் வாழும் நம்மவர் வீடுகளில், பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளையிடம் மருத்துவமா, பொறியியலா என்றே வினவுகிறோம். அதே நகரின் மானசகங்கோத்ரியில், 1965-ல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தை மறந்துவிடுகிறோம். செவித்திறன், பேச்சு-மொழிச் சிகிச்சைக்கான பட்டப்படிப்பு நான்காண்டு. இறுதியாண்டு முழுதும் நேர்முகப் பயிற்சி.

பிறவியில் காது கேளாத குழந்தைக்கு முதல் சில ஆண்டுகளுக்குள் உதவி கிட்டாவிடில், பேச்சு வளர்வது அரிதாகிவிடும். இச்சிகிச்சை கற்றோரோ நாட்டின் தேவைக்குக் குறைவு. குழந்தையின் தாய்க்கு அவள் மொழியிலேயே வழிகாட்டவும் வேண்டும். வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் பயின்ற நம் பிள்ளைகளுக்கு அத்தகுதி இயல்பாகவே வாய்த்துள்ளது.

எக்கல்லூரியாயினும், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் அங்கீகாரம் உண்டா என அறிந்தபின் சேருங்கள். அதன் பதிவேட்டில் பெயர் ஏறாதவர் இத்தொழில் நடத்த இயலாது.