மின்கம்பி வழியே வரும் படம்

மூதூரில் கொட்டியாரக் குடாவை நோக்கிய ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். இணையப் பெட்டி முன்கூடத்தில், தொலைக்காட்சியோ பின்னறையில். இடையே இரண்டு கற்சுவர்கள். கம்பியில்லா இணைப்பு அவற்றைத் தாண்டுமுன் நலிந்துவிடுகிறது. புதுக்கம்பி இழுக்கச் சுவரை உடைக்க வேண்டுமா? சுவருக்குள்ளே முன்பே மின்கம்பி ஓடுகிறதே!

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். செக்கனுக்கு 50 சுற்று. இணையச் செய்தியோ அதே கம்பியில் செக்கனுக்கு இருபது இலட்சம் அதிர்வுகளுக்கும் மேலான வேகத்தில் செல்கிறது. ஆகையால் இரண்டும் மயங்குவதில்லை. சுவர்க் குதைகளிற் செருகும் இரு சிறு பெட்டிகள் செய்தியை ஏற்றி இறக்குகின்றன. 2001இல் வந்த ‘ஹோம்பிளக்’ முதல் நியமத்தின் வேகம் 14 மெகாபிட், பின்னையவை பன்மடங்கு. நீட்டுப் பலகையில் மட்டும் செருகாதீர்கள். திரீ பேஸ் இணைப்புள்ள வீடாயின் இரு குதைகளும் ஒரே பேஸில் இருத்தல் நன்று.

ஆயினும் ஒரு சங்கடம் உண்டு. மின்கம்பிக்குக் கவசமில்லை, அது ஏரியல்போல அலைகளைக் கசியவிடும். அவை விழுவதோ சிற்றலை வரிசையில்! திருகோணமலையிலேயே 2013 வரை ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல சிற்றலை அஞ்சல் நிலையம் நடத்தியது. இன்றும் சிற்றலை கேட்கும் முதியவர் அடுத்த வீட்டில் இருக்கலாம். அவருடைய வானொலி இரைந்தால் உங்கள் பெட்டிகளைக் கழற்றிப் பாருங்கள். ஒலி தெளிந்ததா? செலவைப் பாராது தனிக்கம்பியே இழுத்துவிடுங்கள்.