ஆட்டுப் பண்ணையும் ஆட்டுக் கிடையும்

ஆடு வளர்ப்பைப் பற்றிய பேச்சு, பிழைப்பை நாடி வெளி மாநிலங்களிற் குடியேறிய தமிழருக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம்மால் அவ்வாறு வினவ இயலாது. திருமலையில் நாள்தோறும் விடியற்காலையிற் சன்னிதிக் கதவு திறக்கும்போது முதற்காட்சி பெறும் உரிமை, 'சன்னிதி கொல்லா' என வழங்கும் ஆயர் மரபினருக்கு உரியது. பெருமாளுக்கு முன்னே அடியெடுத்து வைப்பவர் ஓர் ஆயர் என்றால், ஆயர் தொழிலுக்கு இந்நிலம் அளித்த மதிப்பு எத்தகையது என்பது விளங்கும்.

சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. ஒரு நந்தா விளக்கு எரிவதற்கு 96 ஆடுகளை, சில இடங்களில் 90 ஆடுகளை, கோயிலுக்கு விடுவது அக்கால வழக்கம். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மூத்ததும் இறந்ததும் போக, பிறந்த குட்டிகளால் தொகை என்றும் குறையாமல் நிற்கும். ஆதலால் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். முதல் அழியாமல் பயனை மட்டும் கொள்ளும் இக்கணக்கு, ஆட்டு மந்தையை நடத்தும் கலையின் உயிர்நாடியாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கலை வேறொரு கண்டத்தில் வேறொரு வடிவம் கொண்டது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்ற நாட்டிற்கு 1797-இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து மெரினோ ஆடுகள் வந்து சேர்ந்தன. மெல்லிய கம்பளி தரும் இவ்வினத்தைக் கொண்டு பரந்த ஆட்டுப் பண்ணைகள் எழுந்தன. 1836-இல் ஏற்பட்ட ஒழுங்கின்படி, ஆண்டுக்கு 10 பவுன் உரிமக் கட்டணம் செலுத்தியவர், குடியேற்ற எல்லைக்கு அப்பாலும் மந்தையை ஓட்டிச் சென்று மேய்க்கலாம்.

பண்ணை நடந்த முறையைச் சிறிது காண்போம். வேலிகள் இல்லாத அத்தொடக்கக் காலத்தில், சில நூறு ஆடுகள் முதல் ஆயிரம் வரை ஒரு மேய்ப்பனிடம் ஒப்படைக்கப்படும். மேய்ப்பர் இருவரும் குடிசைக் காவலன் ஒருவனும் மரக் குடிசையில் தங்குவர். இரவில் ஆடுகளைப் படல்களுக்குள் அடைத்து, டிங்கோ என்னும் காட்டுநாய் அணுகாமற் காவலன் விழித்திருப்பான். மாவு, இறைச்சி, தேயிலை, சர்க்கரை ஆகியவை வாரப்படியாக அளக்கப்பட்டன. பருவம் வந்ததும் ஆடுகளை ஓடையிற் கழுவி, மயிர் கத்தரித்துப் பொதியாக அழுத்தி, மாட்டு வண்டிகளில் துறைமுகத்துக்கு அனுப்புவர். அப்பொதிகள் கடல் கடந்து இங்கிலாந்தின் ஆலைகளைச் சென்றடைந்தன. தொடக்கத்தில் மேய்ப்பராக உழைத்தவருட் பலர் தண்டனைக் கைதிகள். 1837-இல் கல்கத்தாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட இந்தியத் தொழிலாளருள்ளும் ஆடு மேய்க்க வைக்கப்பட்டவர் உண்டு.

பண்ணைகள் செழித்தன. 1890-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஆடுகள் 10 கோடியைக் கடந்தன. ஆயினும் அப்புல்வெளிக்குப் பழங்குடி மக்கள் உரியவராக இருந்தனர். அவர்களை எவரும் கேட்கவில்லை. அவர்தம் நீர்நிலைகளும் வேட்டை நிலங்களும் பறிபோயின. எதிர்த்தவர் பலர் உயிரிழந்தனர். நிலமும் பொறுக்கவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 1902 வரை நீண்ட கடும் வறட்சியில் ஆடுகளின் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இம்முறையை நம் பக்கத்திலும் நடத்திப் பார்க்க அரசினர் முயன்றனர். பலமனேர், புங்கனூர் எல்லையை அடுத்துள்ள மைசூர் நாட்டில், 1834 முதல் 1861 வரை ஆணையராக இருந்த சர் மார்க் கப்பன், ஆஸ்திரேலியாவிலிருந்து மெரினோக் கிடாக்களை வரவழைத்து, நாட்டு ஆட்டுடன் கலந்து இனத்தை உயர்த்த ஒரு பண்ணை அமைத்தார். கலப்பினத்தின் கம்பளி நன்றாகவே இருந்தது. ஆனால் தட்பவெப்பம் ஒவ்வாமல் ஆடுகள் பெருமளவில் மடிந்தன. 1863-இல் அப்பண்ணை மூடப்பட்டது.

அத்தகைய பண்ணை இங்கு ஏன் வேரூன்றவில்லை? தட்பவெப்பம் ஒரு காரணம். அதனினும் ஆழ்ந்த காரணம், இங்கு ஆடு செய்த தொழில் வேறு என்பதேயாகும்.

1911-இல் சித்தூர் மாவட்டம் அமைவதற்கு முன், இப்பகுதி வட ஆர்க்காட்டிலும் கடப்பையிலுமாகப் பிரிந்து கிடந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் மாறினும் ஆட்டின் எல்லையை மலையும் மழையும் வகுத்துள்ளன. மலைத்தொடருக்குக் கிழக்கே, திருப்பதியைச் சூழ்ந்த வெப்பமான சமவெளியில் வளர்வது நெல்லூர் ஆடு. நெடிய கால்களை உடைய இவ்வினத்திற்குக் கம்பளி மயிர் இல்லை. பல்லா, ஜோடிப்பி, தோரா என நிறத்தால் மூவகைப்படும். மேற்கே பலமனேர், மதனப்பள்ளி மேட்டுநிலத்தில் கரடுமுரடான மயிருடைய ஆடுகள் மேய்ந்தன. அம்மயிரைக் குறும்பர் நூற்று, புளியங்கொட்டைப் பசையிட்டுக் கம்பளி நெய்தனர். மழையில் குடையாகவும், குளிரிற் போர்வையாகவும், களத்திற் பாயாகவும் உதவும் அக்கறுப்புக் கம்பளி, சிறந்த ஆலைகள் விரும்பாத மயிரால் ஆனது. எனினும் உழவனுக்கு அதனினும் ஏற்ற ஆடை இல்லை.

கம்பளியினும் பெரிய பயன் கிடையால் விளைந்தது. அறுவடை முடிந்ததும் உழவர் இடையரை அழைத்துத் தம் வயலில் மந்தையை இரவு தங்கச் செய்வர். ஆடுகள் பகலில் தாளையும் களையையும் மேயும். இரவிற் புழுக்கையும் நீரும் மண்ணிற் சேரும். மறுநாள் கிடை அடுத்த துண்டுக்கு நகரும். இவ்வாறு வயல் முழுவதும் எரு பெறும்; இடையருக்குத் தானியமோ பணமோ கூலியாகக் கிடைக்கும். விதைப்புக் காலத்தில் மந்தை மலையடிவாரக் காட்டுக்குத் திரும்பிவிடும். வயலும் காடும் இம்முறையில் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

அரசினர் கண்ணில் இப்பிணைப்புப் படவில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் மனிதரையும் மந்தையையும் ஒருங்கே வாட்டியது. அதிலிருந்து மீளுமுன், 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடுகள் ஒதுக்கப்பட்டன, மேய்ச்சலுக்கு அனுமதிச் சீட்டும் 'புல்லரி' என்னும் வரியும் ஏற்பட்டன. காட்டைக் காப்பது தேவையே. அளவின்றி மேய்ந்தால் இளமரம் பிழைக்காது என்பதும் உண்மையே. ஆயினும் தலைமுறைகளாக அக்காட்டின் பருவமறிந்து மேய்த்தவரிடம் ஒரு சொல்லும் கேளாமல் விதி வகுத்தது அநீதியாகும். அதன் விளைவாக 1921-இல் பல்நாட்டில் புல்லரி மறுப்புப் போராட்டம் மூண்டது; அதனை முன்னின்று நடத்திய கன்னெகண்டி ஹனுமந்து 1922-இற் சுடப்பட்டு மாண்டார்.

இப்பொழுது அறிவியலாளர் உள்ளூர் இனத்தின் அருமையை உணர்ந்துள்ளனர். திருப்பதியில் 1955-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. பலமனேர் ஆராய்ச்சி நிலையம் நெல்லூர் ஆட்டையும் புங்கனூர்ப் பசுவையும் பேணி வருகிறது. ஆட்டினத்தைக் காப்பதோடு, மேய்ச்சல் நிலத்தையும் மேய்ப்பவரையும் காத்தாலன்றி இம்முயற்சி நிறைவு பெறாது. ஊர்ப் புறம்போக்கு மனையாகவும் தோப்பாகவும் மாறினால், இனம் ஆராய்ச்சி நிலையத்தில் மட்டுமே எஞ்சும்.

பண்ணையும் கிடையும் நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. இரண்டிலும் மந்தை பிறர் நிலத்துக்கே சென்றது. பண்ணை, உரியவரைக் கேளாமற் புகுந்து, அவரை விலக்கி, நிலத்தையும் இளைக்கச் செய்தது. கிடை, அழைத்த வயலிலே தங்கி, மிஞ்சியதை உண்டு, மண்ணை வளப்படுத்திவிட்டு எழுந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசி, ஒரே சந்தையில் ஆடு கொண்டும் விற்றும் வாழும் சித்தூர்ப் பகுதி மக்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. பிற மாநிலங்களிற் குடியேறி உழைக்கும் நாமும் எந்த மண்ணில் தங்கினும், அங்குள்ளோர் மொழியையும் உரிமையையும் மதித்து, அம்மண் சிறக்க உழைத்தல் வேண்டும். கிடை கிடந்த வயலை அடுத்த ஆண்டு விளைச்சலே அடையாளம் காட்டும். நாம் வாழ்ந்த ஊரும் நம்மை அவ்வாறே நினைவு கூரட்டும்.